ஓவரால் எண் மட்டும் போதாது

எம்எல்பி தி ஷோ என்ற பேஸ்பால் வீடியோ கேமில் டிரேடு செய்யும்போது, அதாவது வேறு அணியோடு வீரர்களை மாற்றிக்கொள்ளும்போது, "ஓவரால் எண் (வீரரின் மொத்தத் திறமை மதிப்பெண்) கூடினால் லாபம்" என்று நீங்கள் சொல்வது தவறு நண்பரே. ஓர் அணியைப் பல சீசன்கள் நடத்தும் ஃபிரான்சைஸ் முறையில் அந்த எண் இன்றைய திறமையை மட்டுமே காட்டும். வயது, பொட்டென்ஷியல் எழுத்து (இனி எவ்வளவு வளரலாம் என்பதற்கான தரம், ஏ தான் உச்சம்), ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள ஆண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு வீரருக்கு 34 வயது, ஓவரால் 87, ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்காக 21 வயது, 72, பொட்டென்ஷியல் ஏ உள்ள ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஃபீல்டர்) கொடுத்தால் எண்ணில் 15 கூடும். சரி, அடுத்த ஆண்டு? மூத்தவர் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த அணியிலும் சேரலாம் என்ற நிலையில் உள்ளவர், ஆகிவிடுவார். இளையவரோ நிஜ பேஸ்பால் விதிப்படியே மேஜர் லீக்கில் 6 ஆண்டு சேவை முடியும்வரை குறைந்த செலவில் உங்களிடம் இருந்திருப்பார். தயவுசெய்து அப்படிப்பட்ட பையன்களை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். இந்த சீசனிலேயே கோப்பை எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.