பைத்தான்னு அடிச்சா கடை திறக்குது

அம்பத்தூரில் இருக்கும் அக்கா பொண்ணு ப்ளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். ஞாயிறு ராத்திரி ஒன்பதரைக்கு போன். "மாமா, பைத்தான்னு அடிச்சா ஆப் ஸ்டோர் திறக்குது."

பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் பைத்தான் என்ற நிரல்மொழி இருக்கிறது. வீட்டு லேப்டாப்பில் இல்லை. அக்கா போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கினாள். நிறுவினாள். மறுபடி அடித்தாள். மறுபடி கடை திறந்தது! நிறுவும்போது 'பாத்'தில், அதாவது பெயரை அடித்தால் கணினி தேடிப் பார்க்கும் இடங்களின் பட்டியலில், சேர்க்கட்டுமா என்று கீழே ஒரு குட்டிக் கட்டம் வரும். அதில் நாமாகத்தான் டிக் அடிக்க வேண்டும். அவள் அடிக்கவில்லை. வீடியோ காலில் அதைக் கண்டுபிடிக்க எனக்கே முக்கால் மணி நேரம் ஆனது. எனக்கு இதுதான் சோறு போடும் வேலை என்பதை இங்கே வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

இத்தனையும் எதற்கு? ஒன்பதாம் வாய்ப்பாடு அச்சிட. இரண்டு வரி.

விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று எந்த இயங்குதளமாக இருந்தாலும் அதோடு ஒரு நிரல்மொழி வர வேண்டும். கால்குலேட்டர் மாதிரி மெனுவில் கண்ணில் பட வேண்டும். நெட் இல்லாமல் ஓட வேண்டும். தேடிப் போகிறவனுக்கு எப்படியும் கிடைத்துவிடும். நான் பேசுவது தேடத் தெரியாதவர்களைப் பற்றி.

நானும் தேடிப் போகவில்லை. 1996, புரசைவாக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். சார் டீ குடிக்கப் போன நேரத்தில், டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் இருந்த கியூபேசிக் என்ற மொழியைத் திறந்தேன். 1991-ல் வந்த டாஸ் 5-லிருந்து அது கூடவே வந்தது. அதில் 'நிபிள்ஸ்' என்று ஒரு பாம்பு விளையாட்டு. திறந்தால் விளையாட்டு வராது, அதை எழுதிய வரிகள் வரும். எஃப் 5 அழுத்தினால்தான் பாம்பு ஓடும். வரிகளுக்கு நடுவே 'லைவ்ஸ் = 5' என்று ஒன்று கண்ணில் பட்டது. 5-ஐ 50 ஆக்கினேன். அரை மணி நேரம் சாகாமல் ஆடினேன். பக்கத்து சீட்டுப் பையனுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. சாருக்குப் புரிந்தது, காதைத் திருகினார். அன்றைக்கு அந்த மெஷினில் அது இல்லாமல் இருந்திருந்தால் நான் அக்கவுன்ட்ஸ் பக்கம் போயிருப்பேன். அப்பாவும் அதைத்தான் ஆசைப்பட்டார்.

அதற்கு முந்தின தலைமுறைக்கு இன்னும் வசதி. 1984-ல் கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கணினியை ஆன் செய்தாலே பேசிக் மொழி தயாராக நிற்கும்.

இப்போது கமென்டில் வரப்போகிறவர்கள்: "பவர்ஷெல் இருக்கே? பிரௌசரில் எஃப் 12 தட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் இருக்கே?" இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கட்டளைகள் அடித்துக் கணினியை இயக்கும் பவர்ஷெல் 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அது சர்வர் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகச் செய்தது. ஒரு வரி அடித்தால் ஓடும். அதையே கோப்பாகச் சேமித்து ஓட்டப் போனால், வீட்டுக் கணினிகளில் முதலில் மறுத்துவிடும். அடுப்பைக் கொடுத்துவிட்டு சிலிண்டரைப் பூட்டி வைத்த கதை.

பூட்டியதற்குக் காரணமும் இருக்கிறது. 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' புழு வந்ததே, நினைவிருக்கிறதா? மெயிலில் ஒரு காதல் கடிதம். பார்க்க டெக்ஸ்ட் கோப்பு மாதிரி இருக்கும், கடைசியில் ஒளிந்திருந்த விபிஎஸ் என்ற மூன்று எழுத்து கண்ணுக்குத் தெரியாது. டபுள் கிளிக் செய்தால், கணினியோடு வந்த விபிஸ்கிரிப்ட் என்ற மொழியே அதை ஓட்டி, உங்கள் முகவரிப் புத்தகத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் அனுப்பிவிடும். அதற்கப்புறம் 'கூடவே வரும் மொழி' என்றாலே பாதுகாப்பு ஆட்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. நியாயம்தான். ஆனால் தப்பு மொழி மேல் இல்லை, டபுள் கிளிக் மேல். கியூபேசிக் மாதிரி, முதலில் வரிகளைக் காட்டு, ஓட்டச் சொன்னால் ஓட்டு என்று வைத்திருந்தால் அந்தக் காதல் கடிதம் இவ்வளவு ஊர் சுற்றியிருக்காது.

எனக்கு உண்மையிலேயே பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி வேறு. மொழி ஒரு வேகத்தில் வளர்கிறது, இயங்குதளம் ஒரு வேகத்தில். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிந்தது. மேக்கில் அது 2022 மார்ச்சில் இயங்குதளத்தின் 12.3 பதிப்பு வரும்வரை அப்படியே கிடந்தது. எடுத்தால் அதை நம்பி எழுதியவர்களுக்கு அடி, வைத்தால் பாதுகாப்பில் ஓட்டை. லினக்ஸில் இன்னொரு கூத்து: லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் பைத்தானில்தான் ஓடுகின்றன. நான் ஒரு தடவை புத்திசாலித்தனமாக அந்தப் பைத்தானை மாற்றிவைத்து, கட்டளை அடிக்கும் டெர்மினலே திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் நான் கேட்பது பைத்தான் இல்லை. சின்னதாக, அதிகம் வளராத ஒன்று. லுவா மாதிரி. 1993-ல் பிரேசிலில் பிறந்த மொழி, மொத்தமே சில நூறு கேபி. நீங்கள் டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் முருகன் படம் அதைவிடப் பெரிதாக இருக்கும். பழைய பேசிக்கே வந்தாலும் சந்தோஷம்தான். பரீட்சைக்கு உதவாது, அதற்குப் பைத்தானை இறக்கத்தான் வேண்டும். ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்கு எந்த மொழியும் போதும்.

போன் பற்றிப் பேசவே வேண்டாம். எட்டு கோர் பிராசஸர் பாக்கெட்டில் இருக்கிறது. வாங்கிய கையோடு அதில் ஒரு வரி எழுதி ஓட்டிப் பாருங்கள் பார்ப்போம்.

பத்தேகாலுக்கு வாய்ப்பாடு வந்துவிட்டது. நல்லது, தூங்கு என்று வைத்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் மறுபடி போன். "மாமா, பத்து வரைக்கும்னு இருந்ததை பத்து கோடின்னு மாத்திட்டேன். நிக்க மாட்டேங்குது."

கன்ட்ரோல் சி அழுத்துமா என்றேன்.

"இருங்க மாமா, எங்க வரைக்கும் போவுதுன்னு பாத்துட்டு அழுத்துறேன்."