கருப்புக் கார்டு

(அம்பாசமுத்திரத்தில் ஒரு டீக்கடை, நவம்பர் மாதக் காலை. கல்லாவில் பேச்சிமுத்து. பெஞ்சில் ஓய்வுபெற்ற தபால்காரர் சுடலையாண்டி. அந்தக் காலத்துச் சைக்கிள் மிதித்த கால், இப்போதும் பெஞ்சுக்கு அடியில் சும்மா இருக்காது.)

பேச்சிமுத்து: அண்ணாச்சி, இந்தக் கார்டக் கொஞ்சம் பாருங்களேன். நியூயார்க்ல இருந்து மவ அனுப்பிருக்கா.

சுடலையாண்டி: என்னவே இது, முச்சூடும் கருப்பு! நடுவுல வெள்ளையில தேதி மட்டும் இருக்கு. யாரு தவறிட்டா?

பேச்சிமுத்து: நீங்களுமா? எம்பொண்டாட்டி பாத்த ஒடனே வாசல்லயே உக்காந்து ஒப்பாரி வச்சிட்டா. பக்கத்து வீட்டு ஆச்சி யாரு என்னன்னு கேக்காமலே கட்டிப் பிடிச்சு அழுதா.

சுடலையாண்டி: பொறவு? மஞ்சத் தடவிருந்தா கல்யாணம், கருப்புன்னா கருமாதிலா?

பேச்சிமுத்து: இது கலையாம் அண்ணாச்சி. ஓன் கவாரான்னு ஒரு ஜப்பான்காரரு. 1966 ஜனவரி 4-ல ஆரம்பிச்சிருக்காரு. அன்னைக்குத் தேதிய அன்னைக்கே பெயிண்ட்ல எழுதணும். ராத்திரி 12 மணிக்குள்ள முடியலன்னா அழிச்சிருவாராம்.

சுடலையாண்டி: தெனம் காலையில முத்திரைக் கட்டையில நாங்க மாத்துன தேதிதானவே? மாத்த மறந்தா எனக்கு மெமோ. அவருக்கு மியூசியமா?

பேச்சிமுத்து: இன்னும் இருக்கு. 1968-ல இருந்து 1979 வரைக்கும் தெரிஞ்சவங்களுக்குத் தெனம் ரெண்டு போஸ்ட்கார்டு. ஒரு பக்கம் ஊர்ப் படம். மறுபக்கம் 'இத்தன மணிக்கு எந்திரிச்சேன்'னு ரப்பர் ஸ்டாம்பு.

சுடலையாண்டி: நலம், நலமறிய அவா?

பேச்சிமுத்து: கெடையாது.

சுடலையாண்டி: பணங்கிணம் கேட்டாரா?

பேச்சிமுத்து: அதுவுமில்ல.

சுடலையாண்டி: (விரல்விட்டு எண்ணி) வருசத்துக்கு 730 கார்டு. அத கொண்டு குடுத்த போஸ்ட்மேன நெனச்சுப் பாரும். நானா இருந்தா வாசல்ல நின்னே சொல்லிருப்பேன், 'இன்னைக்கு ரொம்ப லேட்டா எந்திரிச்சிருக்காரு, உடம்புக்கு முடியல போல'ன்னு.

பேச்சிமுத்து: அப்ப நீங்க அடுத்தவங்க கார்ட வாசிப்பீங்களா?

சுடலையாண்டி: (டீயை நிதானமாக ஊதி) கார்டுக்கு மூடியா இருக்கு?

பேச்சிமுத்து: 1970-ல இருந்து தந்தியும் குடுத்திருக்காரு. 'நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்.' அவ்ளோதான் வாசகம்.

சுடலையாண்டி: தந்தியிலயா! நம்ம ஊர்ல அப்பல்லாம் தந்தின்னு சொன்னாலே பிரிக்கதுக்கு முன்னாடி ஒலைய எறக்கி வச்சிருவாங்க. உசுரோட இருக்கேன்னு படிக்கதுக்குள்ள வாங்குனவன்லா போய்ச் சேந்திருப்பான்! (எழுந்து துண்டை உதறுகிறார்.)

பேச்சிமுத்து: அதுக்குள்ள எங்க கெளம்பிட்டீங்க?

சுடலையாண்டி: நவம்பர்லா? பென்சனுக்கு லைஃப் சர்டிபிகேட் குடுக்கணும். நானும் வருசா வருசம் அதத்தான் எழுதிக் குடுக்கேன், இன்னும் உசுரோட இருக்கேன்னு. ஒருத்தனும் சட்டம் போட்டு மாட்டல. போன தடவ கைரேக விழல. மிஷின் நம்பவே மாட்டேன்னுட்டு. ரெண்டு மாசம் செத்துக் கெடந்தேன்.

பேச்சிமுத்து: டீக்காசு அண்ணாச்சி?

சுடலையாண்டி: நோட்டுல எழுதிக்கிடும், தேதி போட்டு. ராத்திரி 12-க்குள்ள எழுதலன்னா அழிச்சிரணும், பாத்துக்கிடும்!