நாலாவது பட்டனில் இருக்கிறதாம் ஸ்கிராட்ச்!

போன சனிக்கிழமை ஒரு ஹிப் ஹாப் இரவுக்குப் போய்த் தொலைத்தேன். மேடையில் டிஜே என்று ஒரு தம்பி. ஒரு கை ஆகாயத்தில், இன்னொரு கை ஹெட்போனில். ஸ்பீக்கரில் மட்டும் 'ஜிகு ஜிகு' என்று ஸ்கிராட்ச் சத்தம் வருகிறது, ரெக்கார்டு சுற்றும் சக்கரத்தைத் தொட ஆளில்லை! இறங்கி வந்ததும் கேட்டே விட்டேன். "அது நாலாவது பேட்ல இருக்குண்ணா, அமுக்கினா போதும்" என்றான். வயிறு எரிந்தது.

அந்த 'ஜிகு ஜிகு' எங்கே பிறந்தது தெரியுமா? எழுபதுகளின் நடுவில், நியூயார்க்கின் பிராங்க்ஸில், தியோடர் என்ற பையன் அறைக்குள் பாட்டை அலறவிட்டிருக்கிறான். அம்மா கதவைத் தட்டித் திட்ட, ஓடுகிற ரெக்கார்டைக் கையால் பிடித்தவன், திட்டு முடியும்வரை அதை முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டே நின்றானாம். பிற்பாடு கிராண்ட் விசார்ட் தியோடர் ஆனவர் தானே சொன்ன கதை இது. அதே ஊர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், ரெக்கார்டின் மேல் கிரேயானால் கோடு கிழித்து, எத்தனை சுற்று பின்னால் இழுக்க வேண்டும் என்று எண்ணி எண்ணி, சில நொடி டிரம்ஸ் துண்டை இரண்டு ரெக்கார்டில் மாறி மாறி ஓட்டி நிமிடக்கணக்கில் நீட்டினார். பட்டனா அமுக்கினார்கள்?

கிராப் ஸ்கிராட்ச் என்று ஒன்று உண்டு. சத்தத்தைத் திறந்து மூடும் ஃபேடர் என்ற குமிழின் ஒரு பக்கம் கட்டைவிரல் முட்டுக்கொடுத்து நிற்க, மறுபக்கம் சுண்டுவிரலில் தொடங்கி நாலு விரலும் வரிசையாகத் தட்டிவிட்டுப் போக வேண்டும். ஒரு சொடக்குப் போடும் நேரத்தில் சத்தம் நாலு துண்டாக நறுங்கும். எனக்கு எட்டு மாதம் பிடித்தது. இன்னமும் மோதிரவிரல் காலை வாரிவிடும்.

டிஜிட்டலே ஆகாது என்கிற கிழட்டுப் புலம்பல் என்று நினைக்காதீர்கள். லேப்டாப் பாட்டை ரெக்கார்டு தேய்த்தே ஓட்டவைக்கும் செராட்டோ ஸ்கிராட்ச் லைவ் மென்பொருள் 2004-இல் வந்தபோது கும்பிடு போட்டவன் நான். ரெக்கார்டுப் பெட்டி தூக்கி முதுகு ஒடிந்தவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். பாட்டு லேப்டாப்பில் இருந்தாலும், கையின் அசைவை லேப்டாப்புக்குச் சொல்லும் டைம்கோட் ரெக்கார்டைக் கைதான் தள்ள வேண்டும். பிசகினால் ஊருக்கே கேட்கும். அது நியாயம். குடியைக் கெடுத்தது சிங்க் பட்டன். இரண்டு பாட்டின் வேகத்தையும் காதால் அளந்து, வேகத்தை மாற்றும் பிட்ச் ஸ்லைடரை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி ஒன்றுசேர்ப்பதுதான் பாதி வித்தை. அதை மெஷின் செய்துவிட்டால் மேடையில் அவனுக்கு என்ன வேலை? கை ஆட்டுவதுதான்.

சரி, பழையபடியே செய்வோம் என்றால் சாமான் கிடைக்க வேண்டுமே. டிஜேக்களின் ரெக்கார்டு பிளேயரான டெக்னிக்ஸ் 1200-ஐ 2010-இல் நிறுத்தினார்கள். 2016-இல் திரும்ப வந்தது, விலையைக் கேட்டு நான் திரும்பிவிட்டேன். ஸ்கிராட்சுக்கென்றே பேர்போன ஊசி ஷூர் எம்44-7. என்ன இழுத்தாலும் தடத்தை விட்டுத் தாவாது. 2018-இல் அந்தக் கம்பெனி ஊசி வியாபாரத்தையே மூட்டை கட்டிவிட்டது. என்னிடம் மிச்சம் ஒன்றுதான். அது தேய்ந்துவிடும் என்று பயந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் அரைமணி நேரம்தான் பழகுகிறேன். அந்தத் தம்பிக்கு என்ன, பேட் தேயவா போகிறது!