கணு இருந்தா வில் ஆகாதா?

வில் செய்ய எப்படிப்பட்ட கட்டை வேணும்னு கேட்டிருந்தீங்க. "ஆறடிக்கு நேரான, கணுவே இல்லாத கட்டை வேணும், கணு இருந்தா சீவி மட்டமாக்கிடணும்"னு அண்ணன் ஒருத்தர் அதுக்குப் பதில் எழுதியிருக்கார். முதல் பாதி தப்பு. ரெண்டாவது பாதி வில்லையே உடைச்சுடும்.

நம்ம பாலக்கோடு பக்கம் சீமைக்கருவேலத்துல நேரான கட்டைக்கு எங்கே போறது? கிடைக்கிறது நாலடிக் கோணல்தான். நானும் முதல்ல கணுவைச் சீவினவன்தான். நாண் பூட்டி மூணாவது இழுப்புலயே, சரியா அந்தக் கணு ஓரத்துல நார் பிளந்து எழும்பிடுச்சு. வில்லை வளைக்கும்போது, குறியைப் பார்க்கிற வெளிப்பக்கம்தான் இழுபடும். அங்கே நார் அறுபடவே கூடாது. கணுவைச் சுத்திக் கொஞ்சம் மேடா விட்டுட்டு, நம்மைப் பார்க்கிற வயித்துப் பக்கம் மட்டும் சீவணும். கோணலா ஓடுற நாரை விட்டு உளி விலகக் கூடாது, வில் பாம்பு மாதிரி நெளிஞ்சாலும் பரவாயில்லை.

(வேட்டைக்குன்னு கேட்டிருக்கீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, வைக்கோல் பொதியில அம்பு விடுறதோட நிறுத்திக்கோங்க.)

நீளம் வேணும்னா ஒரே மரத்துல ரெண்டு துண்டு எடுத்து, கைப்பிடியில மீன்வால் மாதிரி வெட்டிக் கோத்து ஒட்டலாம். நாலடியிலேயே செஞ்சா 20 அங்குலத்துக்கு மேல இழுக்காதீங்க. 28 வரைக்கும் இழுத்தா ஒடிஞ்சு மூஞ்சியில அடிக்கும்.