ஆறு வருட ஒப்பந்தம், ஒரு வருட நாற்காலி

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஓர் அணி புதிய தலைமைப் பயிற்சியாளரை அறிமுகப்படுத்தும் செய்தியாளர் சந்திப்பைப் பார்க்க உட்கார்ந்தால், பேசுகிறவரை நான் அதிகம் கவனிப்பதில்லை. அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு பக்கம் உரிமையாளர், மறுபக்கம் பொது மேலாளர். நடுவில் இருப்பவர் தடுப்பாட்டம், ஒழுக்கம், குடும்பம் என்று எல்லோரும் சொல்வதையே சொல்லி முடிப்பார். அவர் வேலை எத்தனை நாள் தாங்கும் என்பதற்கான துப்பு பக்கத்து நாற்காலிகளில் இருக்கிறது. அந்த இருவரும் இரண்டு வருடம் கழித்து அங்கேயே இருப்பார்களா? இருந்தால், இன்றைக்குச் சொன்னதை அன்றைக்கும் நினைவு வைத்திருப்பார்களா?

இந்தக் கோணத்தில் யோசிக்க வைத்தவர் மான்டி வில்லியம்ஸ். 2021-22 சீசனில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியை 64 வெற்றிகளுக்குக் கொண்டுபோய், அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதை வாங்கினார். 2023 பிப்ரவரியில் மேட் இஷ்பியா என்ற புதிய உரிமையாளர் வந்தார். மே மாதம் வில்லியம்ஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த சில வாரங்களிலேயே டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அவரை அழைத்து, ஆறு ஆண்டுகளுக்கு 7 கோடியே 85 லட்சம் டாலர் என்று எழுதிக் கொடுத்தது. ஒரு பயிற்சியாளருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை என்று அப்போது எல்லா இடத்திலும் பேச்சு. ஆறு வருடம்! இனி இவரை யார் அசைக்க முடியும் என்று நானும்தான் நினைத்தேன்.

முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டு வெற்றி. அதற்குப் பிறகு தொடர்ச்சியாக 28 தோல்விகள். அக்டோபர் இறுதியில் தொடங்கியது டிசம்பர் 30 அன்று டொராண்டோவை வென்ற பிறகுதான் நின்றது. சொந்த அரங்கிலேயே ரசிகர்கள் "அணியை விற்றுவிடு" என்று உரிமையாளரைப் பார்த்துக் கோஷம் போட்டார்கள். சீசன் 14 வெற்றி, 68 தோல்வி என்று முடிந்தது. 2024 மே மாதம் டிராஜன் லாங்டன் கூடைப்பந்து நிர்வாகத்தின் தலைவராக வந்தார். ஜூனில் வில்லியம்ஸ் வெளியே. ஐந்து வருட ஒப்பந்தம் அப்படியே மிச்சம்.

இரண்டு ஊர், இரண்டு அணி. ஒன்றில் நன்றாகச் செய்தார், மற்றொன்றில் மோசமாகச் செய்தார். இரண்டிலும் புதிய மேலிடம் வந்த சில வாரங்களில், சில மாதங்களில் முடிந்துவிட்டது. அவருக்கு முதலில் கைகொடுத்தவர்கள் யாரோ. கணக்கு முடித்தவர்கள் வேறு யாரோ. ஒப்பந்தத்தின் நீளத்தை நம்பிக்கையின் நீளம் என்று எடுத்துக்கொள்ளும் தவறை அதோடு விட்டேன். அது அணி எவ்வளவு பணத்தை இழக்கத் தயாராக இருக்கிறது என்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

(பணத்தைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் பொதுவாக மீதிச் சம்பளம் அவருக்கு வந்துவிடும். அவருக்காக நான் கண்ணீர் விடப் போவதில்லை. அவரை நம்பிக் குடும்பத்தோடு ஊர் மாறி வந்த உதவிப் பயிற்சியாளர்களும், நள்ளிரவு வரை காணொளி வெட்டிக்கொண்டிருக்கும் இளைஞர்களும்தான் இதில் உண்மையாகவே வேலை இழப்பவர்கள். அவர்களைப் பற்றி யாரும் செய்தி எழுதுவதில்லை.)

பயிற்சியாளர் மட்டும் ஏன் இவ்வளவு சுலபமாகப் போகிறார்? கணக்கு எளிது. வீரர்களின் மொத்தச் சம்பளம் லீக் விதிக்கும் உச்சவரம்புக்குள் அடங்க வேண்டும். ஒருவரை மாற்றப் பல அணிகளோடு பேரம் பேசி, சம்பளத்துக்குச் சம்பளம் ஈடுகட்ட வேண்டும். பயிற்சியாளரின் சம்பளம் அந்த வரம்பில் வருவதே இல்லை. நட்சத்திர வீரரை நகர்த்த ஆறு மாதம் ஆகும் என்றால், பயிற்சியாளரை நகர்த்த ஒரு தொலைபேசி அழைப்பு போதும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கதைதான்: நட்சத்திரம் பந்தைத் தவறவிட்டால் "இன்று அவர் நாள் இல்லை", அதே ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் "அணியைக் கையாளத் தெரியாதவர்".

அதிலும் வெற்றியை எதிர்பார்த்து அமைத்த அணியின் பொறுப்பை ஏற்பது தனி அவஸ்தை. ஏட்ரியன் கிரிஃபினை 2023இல் மில்வாக்கி பக்ஸ் எடுத்தது. தலைமைப் பயிற்சியாளராக அவருக்கு அதுதான் முதல் முறை. சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது மேலிடம் நட்சத்திர வீரர் டேமியன் லில்லார்டைக் கொண்டுவந்தது. விலையாகப் போனவர் ஜுரூ ஹாலிடே, அணியின் தடுப்பாட்டத்துக்கு முன்னணித் தூண். அனுபவம் மிக்க உதவியாளர் டெர்ரி ஸ்டாட்ஸ் சீசன் தொடங்கும் முன்பே விலகிக்கொண்டார். 43 ஆட்டங்களில் கிரிஃபின் 30 வென்றார். ஜனவரியில் நீக்கினார்கள், தடுப்பாட்டம் சரியில்லை என்ற முணுமுணுப்போடு. தூணை எடுத்தவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்து வந்த டாக் ரிவர்ஸ் அந்த சீசனில் 17 வென்று 19 தோற்றார்.

அடிமட்ட அணிகளில் வேறு மாதிரியான ஏமாற்று. மேலிடத்துக்கு உள்ளூரத் தோல்விதான் வேண்டும். புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும்; 2019இல் வந்த விதிப்படி, கடைசி மூன்று இடங்களில் முடிக்கும் அணிகளுக்கு அந்த முதல் தேர்வு கிடைக்க ஆளுக்கு 14 சதவீத வாய்ப்பு. ஆகவே நல்ல வீரரைக் காயம் என்று சொல்லி உட்கார வைப்பார்கள், பத்தொன்பது வயதுப் பையன்களைக் களத்தில் இறக்குவார்கள். கிடைக்கும் டிராஃப்ட் தேர்வு அணியின் சொத்து. 60 தோல்விகள் மட்டும் பயிற்சியாளர் பெயரில் பதிவாகும். மூன்றாம் வருடம் "இனி வெல்ல வேண்டிய நேரம்" என்று வேறொருவரைத் தேடுவார்கள்.

கிரெக் பாப்போவிச்சைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1996 டிசம்பரில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 3 வெற்றி, 15 தோல்வி என்று தவித்துக்கொண்டிருந்தபோது, பொது மேலாளராக இருந்த அவரே பயிற்சியாளர் பாப் ஹில்லை நீக்கிவிட்டு அந்த இடத்தில் தானே உட்கார்ந்தார். பிறகு நடந்தது என்ன? 17 வெற்றி, 47 தோல்வி. அணியின் நட்சத்திரம் டேவிட் ராபின்சனுக்குக் காயம் என்பது உண்மை. ஆனால் வேறு யாராக இருந்தாலும் அந்தக் கோடையிலேயே பெட்டியைக் கட்டியிருப்பார்கள். 1997 டிராஃப்டில், பிறகு பெரும் நட்சத்திரமான டிம் டங்கன் கிடைத்தார். 1998-99 சீசனும் 6-8 (6 வெற்றி, 8 தோல்வி) என்று தடுமாறித்தான் தொடங்கியது. ஜூனில் கோப்பையோடு முடிந்தது. அதற்கு மேல் நான்கு கோப்பைகள். அவருடைய மேதைமையை நான் குறைக்கவில்லை. அது வெளியே தெரியும்வரை அவரை நீக்கக்கூடிய பொது மேலாளர் அவரேதான் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மயாமி ஹீட் பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவுக்கு அந்த வசதி இல்லை. 2010 நவம்பர் இறுதியில் டல்லாஸில் நடந்த ஆட்டம். லெப்ரான் ஜேம்ஸ், டுவெய்ன் வேட், கிறிஸ் போஷ் மூவரும் மயாமியில் சேர்ந்த முதல் சீசன். டைம் அவுட் நேரத்தில் ஸ்போல்ஸ்ட்ரா களத்தை நோக்கி வருகிறார், லெப்ரான் பெஞ்சை நோக்கிப் போகிறார், தோள் தோளில் இடிக்கிறது. லெப்ரான் திரும்பிப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே இடித்தாரா, தற்செயலா என்று நாடே அந்த இரண்டு வினாடிக் காணொளியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது. அன்றைய தோல்வியோடு அணி 9-8. அணித் தலைவராக மேலே இருந்த பாட் ரைலி பழைய பயிற்சியாளர், ஏற்கெனவே ஒருமுறை இறங்கி வந்து அணியை எடுத்துக் கோப்பையும் வாங்கியவர். மறுபடியும் இறங்குவார் என்றே எல்லோரும் எழுதினார்கள். இறங்கவில்லை. அடுத்த 12 ஆட்டங்களையும் மயாமி வென்றது. 2012இலும் 2013இலும் கோப்பை. காணொளி அறையில் உதவியாளாகத் தொடங்கிய அந்த மனிதர்தான் இன்று லீக்கில் மிக நீண்ட காலமாக ஒரே அணியில் இருக்கும் பயிற்சியாளர்.

"அப்படியானால் யாரையும் நீக்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். நானும் ஒரு முறை நன்றாக ஏமாந்தவன். 2016 ஜனவரியில் கிளீவ்லாந்து கவாலியர்ஸ் அணி 30-11 என்று கிழக்குப் பிரிவின் உச்சியில் இருந்தபோது பயிற்சியாளர் டேவிட் பிளாட்டை நீக்கியது. பைத்தியக்காரத்தனம் என்று கத்தினேன். டைரன் லூ வந்தார். ஜூனில் நடந்த இறுதிப் போட்டியில், அந்த சீசனில் 73 வெற்றி கண்ட கோல்டன் ஸ்டேட்டை 3-1 என்று ஆட்டக் கணக்கில் பின்தங்கிய நிலையிலிருந்து எழுந்து வீழ்த்தினார்கள். உடைமாற்றும் அறையில் என்ன நடக்கிறது என்பது வெற்றிப் பட்டியலில் தெரியாது. டெட்ராய்ட் விஷயத்திலும் நீக்கியது சரிதான் என்பேன். ஜேடன் ஐவி போன்ற இளைஞரை உட்கார வைத்துவிட்டு கிலியன் ஹேய்ஸைத் தொடக்க வரிசையில் இறக்கிக்கொண்டிருந்தது எனக்கு இன்றுவரை புரியவில்லை. அடுத்து வந்த ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் ஒரே வருடத்தில் 14 வெற்றியை 44 ஆக்கினார். அனுபவமுள்ள எறிவாளர்களை மேலிடம் வாங்கிக் கொடுத்தது, இளம் நட்சத்திரம் கேட் கன்னிங்ஹாம் ஒரு படி மேலே போனார், எல்லாம் சேர்ந்துதான். இந்த பிக்கர்ஸ்டாஃபும், பிளேஆஃப் (வழக்கமான சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) இரண்டாம் சுற்று வரை போன பிறகு கிளீவ்லாந்து நீக்கிய ஆள்!

ஆகவே புதிய பயிற்சியாளரின் முதல் சீசனில் நான் வெற்றிகளை எண்ணுவதில்லை. டைம் அவுட் முடிந்து வரும் முதல் தாக்குதலில் ஏதாவது திட்டம் தெரிகிறதா என்று பார்ப்பேன். எறிவு தவறியதும் ஐந்து பேரும் திரும்பி ஓடுகிறார்களா, அல்லது இருவர் நடுவரிடம் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்களா? சிறு பலகையில் அவர் கோடு போடும்போது நட்சத்திர வீரரின் கண் பலகையில் இருக்கிறதா, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூரையில் இருக்கும் திரையில் இருக்கிறதா? பிப்ரவரியில் இதற்கெல்லாம் பதில் கிடைத்துவிடும்.

இப்போது மைக் பிரவுனைப் பாருங்கள். 2009இல் சிறந்த பயிற்சியாளர், 2010இல் கிளீவ்லாந்து நீக்கியது. 2012இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் நீக்கியது, சீசனின் ஐந்தே ஆட்டங்களில். 2014இல் மறுபடியும் கிளீவ்லாந்து. பிறகு சாக்ரமெண்டோ கிங்ஸின் 16 வருட பிளேஆஃப் வறட்சியைத் தீர்த்து, 2023இல் ஒரு வாக்குகூடச் சிதறாமல் மறுபடியும் அந்த விருதை வாங்கினார். 2024 டிசம்பரில் அங்கேயும் நீக்கினார்கள், தொலைபேசியில். அந்த விதத்தை வெளிப்படையாகக் கண்டித்தவர் டென்வர் அணியின் பயிற்சியாளர் மைக்கேல் மேலோன், 2023இல் கோப்பை வென்றவர். மூன்று மாதம் சற்றுக் கடந்ததும் மேலோனையே நீக்கினார்கள், வழக்கமான சீசனில் மூன்றே ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போது.

பிரவுன் 2025 ஜூலையில் போய் உட்கார்ந்த இடம் நியூயார்க் நிக்ஸ். அந்த இடத்தில் அதற்கு முந்தைய மாதம் வரை இருந்த டாம் திபடோ, 25 வருடங்களில் முதல் முறையாக அந்த அணியைக் கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றுக்குக் கூட்டிப்போனவர். இன்னும் இரண்டு வெற்றி கிடைத்திருந்தால் என்பிஏ இறுதிப் போட்டி. இந்தியானாவிடம் தோற்ற சில நாட்களில் அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் அறிந்தே, நான்கு முறை வெளியேற்றப்பட்ட ஒருவர் கையெழுத்துப் போட்டார். அறிமுக நாளில் என் கண் வழக்கம்போல மேலிடத்தைத்தான் தேடியது.