மசக்கையை மைக் போட்டு நக்கலடித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மேடையில் மைக் பிடித்து மசக்கையைக் கிண்டலடித்த பெரியவர் யார் என்று நான் சொல்லப் போவதில்லை. எல்லார் போனிலும் அந்த வீடியோ இருக்கிறது. "எங்க ஆத்தா வயித்துப் பிள்ளையோட கடல்ல இறங்கிப் பாசி எடுத்தா, இப்ப உள்ளதுக ரெண்டு வாந்திக்கே கட்டிலை விட்டு எந்திரிக்க மாட்டேங்குதுக" என்றதும் முன்வரிசையில் ஒரே கைதட்டல். தட்டியவர்களில் எங்கள் சொந்தக்காரர்களும் உண்டு. சரி, இருக்கட்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பிள்ளை உண்டானவளுக்கு ஒத்தாசை அதிகம் தேவைப்படுவது முதல் மூன்று மாதத்தில். ஏழாம் மாதம் வளையல் போட்டு, கலந்த சோறு கட்டி, "பார்த்து நடம்மா" என்கிறோமே, அதற்குள் பலருக்குப் பெரிய கஷ்டமெல்லாம் முடிந்துவிடுகிறது.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் டாக்டர்கள் எண்ணுவார்கள். அதனால் நாள் தள்ளிப்போன அன்றைக்கே கணக்குப்படி 4 வாரம். அடுத்த 2 வாரத்துக்குள் பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய் மூடிவிடும். போலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே போடச் சொல்வது இதனால்தான். 6ஆவது வாரம் வாக்கில் குமட்டல் தொடங்கும், 9ஆவது வாரம் வாக்கில் உச்சம், 12, 14 வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். மார்பு கனக்கும், பகலிலேயே கண் சொருகும், ஓயாமல் மூத்திரம் முட்டும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வயிறு தெரியாததால், சும்மா படுத்திருக்கிறாள் என்று பேர்.

என்னைக் கட்டிக்கொடுத்தது ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இருக்கிற மண்டபம் ஊர்ப் பக்கம். அதுவரை கருவாட்டுக் குழம்பென்றால் சட்டியை வழித்துத் தின்றவள் நான். மூத்தவன் தரித்த மாதம், காலையில் கதவைத் திறந்ததும் காய்கிற நெத்திலி வாடை அடிக்கும், அப்படியே கொல்லைக்கு ஓடுவேன். முந்தானையில் எலுமிச்சங்காயை முடிந்து, அதை மோந்துகொண்டே தண்ணீர் வண்டியைத் தள்ளிப் போவேன். குழாயடியில் வரிசையை விட்டு ஓடி வாந்தி எடுத்துத் திரும்பினால், என் குடம் ஓரமாக நிற்கும், அடுத்தவர் குடம் நிறைந்துகொண்டிருக்கும். "கடற்கரையில வாக்கப்பட்டவளுக்கு மீன் நாறுதாம்" என்பார் அத்தை. ஒரு தடவை இல்லை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம்.

"எனக்கு வாந்தியே வந்ததில்லையே" என்று பெருமை பேசும் அக்காமார்களுக்கு: 2023 டிசம்பரில் ஓர் ஆய்வு வந்தது. கருவின் பக்கமிருந்து வரும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன்தான் இந்த வாந்திக்கு முக்கியக் காரணம். கர்ப்பத்துக்கு முன் அது உடம்பில் குறைவாக இருந்த பெண்ணுக்குத்தான் வாந்தி அதிகம். உங்களுக்கு வராதது உங்கள் உடல்வாகு. வீரம் இல்லை. இங்கிலாந்து இளவரசர் வில்லியமின் மனைவியே 2012 டிசம்பரில் இதற்காக ஆஸ்பத்திரியில் படுத்தார். அது அரண்மனைச் சொகுசு என்பீர்கள், தெரியும்.

பெண்களைச் சோம்பேறியாக்குகிறேனாம். படுத்தே கிடக்க யார் சொன்னது? டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை நடக்கலாம், வேலை பார்க்கலாம், சாளையும் நெத்திலியும் தாராளமாகத் தின்னலாம். (சுறா மட்டும் வேண்டாம், பாதரசம் அதிகம்.) முடியாத நாளில் முடியவில்லை என்று சொன்னால் நம்புங்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

பாசி எடுத்த கதைக்கு வருவோம். எங்கள் அம்மாச்சியும் பாசிக்குப் போனவர்தான். விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து பிய்ப்பார்கள். உயிரோடு பிறந்த பிள்ளைகளின் பேர் எங்களுக்குத் தெரியும். கலைந்தது எத்தனை என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. பாசியால் கலைந்தது என்று நான் சொல்லவில்லை. கலைந்த உடம்போடு திரும்பவும் கடலில் இறங்கினாரே, அதற்கு அவருக்கு வேறு வழி இருந்ததா? அதையா மேடையில் பெருமையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது?

என் தம்பி பொண்டாட்டிக்கு மூன்றாம் மாதம் கலைந்தபோது இதே வாய்கள் என்ன சொல்லின? குடம் தூக்கினாள், பஸ்ஸில் ராமநாதபுரம் போனாள், பப்பாளி தின்றாள். அதற்கு முந்தின வாரம்தான் "ஒரு குடம் தூக்கினா ஒண்ணும் ஆயிறாது" என்று அவளை அனுப்பியிருந்தார்கள். கர்ப்பம் என்று தெரிந்த பிறகும் நூற்றுக்கு 10 முதல் 20 வரை கலைகிறது, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில், அதில் ஏறக்குறைய பாதி குரோமோசோம் கோளாறால். இதை நான் எடுத்துச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பேர் "படிச்ச திமிர்".

இன்னொன்று, மூன்று மாதம் வெளியே சொல்லக்கூடாதாம், கண் படுமாம். ஊருக்குச் சொல்லாதீர்கள், நர்சம்மாவுக்குச் சொல்லுங்கள். 12 வாரத்துக்குள் பதிந்து பிக்மி நம்பர் (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) வாங்கினால்தான் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி சிக்கலில்லாமல் வந்து சேரும். ஒரு பக்கமாகக் குத்தும் வலி, ரத்தப்போக்கு, மயக்கம் என்றால் கரு கர்ப்பப்பைக்குள் வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். குடித்த தண்ணீரும் தங்காமல் மூத்திரம் குறைந்தாலும் ஆபத்துதான். கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

பெரியவரை மதிக்கத் தெரியாதா என்பவர்களே, வயசுக்கு உண்டான மரியாதையோடுதான் பேரைச் சொல்லாமல் எழுதுகிறேன். அவர் மைக்கில் பேசினால் நகைச்சுவை, நான் எழுதினால் குடும்ப மானம் போகிறதா? நேற்று ரெண்டு வரி போட்டதற்கே எங்கள் வீட்டுக்காரருக்குப் போன் மேல் போன். இனி எனக்கே போடுங்கள். காலை பதினோரு மணிக்கு மேல் போடுங்கள், அதற்கு முன்னால் குழாயில் தண்ணீர் வரும் நேரம்.