வெட்டிக் குதறப்பட்ட ‘ஜாஸ்’

ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் ‘ஜாஸ்’ படத்தைத் தமிழ்க் குரலில் ஒளிபரப்பிய லட்சணத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. 1975இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய இந்தப் படத்தில், அமிட்டி என்னும் சிறு தீவு ஊரையே நடுங்க வைக்கும் சுறாவை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நாம் முழுதாகப் பார்ப்பதில்லை. படப்பிடிப்புக்காகச் செய்த இயந்திரச் சுறா கடலின் உப்புநீரில் ஓயாமல் பழுதானதால், அதைக் காட்டாமலேயே நம்மைக் கலங்கடிக்கும் வழியை அவர் தேட வேண்டியிருந்தது; படத்தின் உயிரே அந்த மறைப்பில்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு விளம்பர இடைவேளையின் முன்னும் பின்னும் வாயைப் பிளந்த சுறாவைத் திரை நிறையக் காட்டிவிட்டால், பிறகு யாருக்குப் பயம் வரும்?

இசையில் கைவைத்ததை என்னால் மன்னிக்கவே முடியாது. ஜான் வில்லியம்ஸின் அந்த இரண்டு சுர இசை கேட்டால் சுறா நெருங்குகிறது என்று நம் காது பழகிவிடுகிறது. சிறுவர்கள் இருவர் அட்டையால் செய்த சுறாத் துடுப்பை நீரில் மிதக்கவிட்டுக் கடற்கரையையே அலற வைக்கும் காட்சியில் அது ஒலிப்பதில்லை, ஏனென்றால் அங்கே சுறா இல்லை. இவர்களோ எங்கிருந்தோ எடுத்த இரைச்சலை அங்கேயும் கொட்டியிருந்தார்கள்.

மகனைப் பறிகொடுத்த தாய் கன்னத்தில் அறைந்த பிறகு, காவல்துறைத் தலைவர் பிராடி இடிந்துபோய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பார். அவர் கைகளைக் கோத்தால் அவருடைய சின்ன மகனும் கோப்பான். முகத்தைப் பொத்தினால் அவனும் பொத்துவான். பேச்சே தேவைப்படாத அந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரைப் போல ஒரு குரல் ‘காமெடி’ பேசுகிறது! படகில் இரவு நேரத்தில், 1945இல் மூழ்கடிக்கப்பட்ட இண்டியானாபொலிஸ் போர்க்கப்பலில் தானும் இருந்ததையும், கடலில் தத்தளித்த சகவீரர்களைச் சுறாக்கள் இழுத்துச் சென்றதையும் சுறா வேட்டைக்காரர் க்வின்ட் சொல்லும் நீண்ட பேச்சைக் காணவே காணோம். அதைக் கேட்காதவருக்கு அந்த மனிதரின் வெறி எப்படிப் புரியும்?

சிறந்த படத்தொகுப்புக்கு ஆஸ்கர் வாங்கிய படத்தை வெட்டுவதற்கு முன்பு, வெட்டுகிறவர் ஒருமுறையாவது அதை முழுதாகப் பார்த்திருக்க வேண்டாமா? நேரம் போதவில்லை என்றால் கூடுதல் நேரம் ஒதுக்கி ஒளிபரப்புங்கள். முடியாது என்றால் தயவுசெய்து ஒளிபரப்பாதீர்கள்.